சுட்ட கேபிளும் நான் சொன்ன தீர்ப்பும்

வாசகரே, இந்த வாரம் நீங்கள் வாசகராக மட்டும் இருந்தால் போதாது. எழுந்து வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். எனக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது.

இடம், தாராவியில் எங்கள் தெருமுனை. நேரம், காலை ஆறு மணிக்குச் சற்று முன். மழைக்காலம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன என்பதற்கு மேல் நாள், தேதி எதுவும் என்னிடம் கேட்காதீர்கள். வடாபாவ் கடையில் எண்ணெய் காயத் தொடங்கியிருந்தது. குழாயடியில் குடங்கள் வரிசைக்கு வந்துவிட்டன.

தெருமுனையில் ஒரு பழைய மஞ்சள் வேன் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் என் அக்கா முத்துலட்சுமி. அவள் சாவியைத் திருகுகிறாள். எஞ்சினைச் சுழற்றிவிட வேண்டிய செல்ஃப் மோட்டார் இருக்கைக்கு அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. மறுபடியும் திருகுகிறாள். மறுபடியும் ‘டக்’. வேனின் முன்விளக்குகள் இரண்டும் எதிர்ச் சுவரின் மேல் கொஞ்சமும் மங்காமல் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கின்றன.

அதைப் பார்த்தீர்களா? நல்லது. அன்று அந்தத் தெருவில் நின்ற ஏழெட்டுப் பேரும் பார்த்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“ஏல பரணி,” என்றாள் அக்கா. “கிளட்ச் வயரத் தொட்டுப் பாரு. கைய வெக்க முடியல, அப்படிச் சுடுது.”

நான் தொட்டுப் பார்க்கவில்லை. கூட்டம் கேட்கிறது என்று தெரிந்தால் எனக்கு ஒரு குரல் வரும். அந்தக் குரலில் பதில் சொன்னேன்.

“அக்கா, வண்டி ஏன் நிக்கின்னு கேட்டா நீ கிளட்சுக்குக் காய்ச்சல்னு சொல்லுத. செல்ஃபுக்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம்? வாழைக்காய் வேகலன்னா வாசக்கதவ மாத்தவா?”

தெரு சிரித்தது. வடாபாவ் கடைக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “சரி, தள்ளுங்க,” என்றாள். நான்கு பேர் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். மும்பையில் இதற்கு ‘தக்கா ஸ்டார்ட்’ என்று பெயர். எஞ்சின் இருமிப் பிடித்தது. அக்கா எங்களைத் திரும்பிப் பாராமல் செம்பூரை நோக்கிப் போனாள்.

இனி, வழக்கின் பின்புலத்தைச் சொல்கிறேன்.

பதினோரு பிள்ளைகள்

அக்கா பல ஆண்டுகள் மற்றவர்களின் பள்ளி வாகனங்களில் உதவியாளராகப் போனவள். பிள்ளைகளைக் கை பிடித்து ஏற்றி இறக்கும் வேலை. ஓட்டுநர்கள் செய்யும் பிழைகளையெல்லாம் பின்னிருக்கையிலிருந்து பார்த்துப் பார்த்து, தானே ஓட்டுநர் ஆனாள். யாரோ ஓட்டித் தேய்த்த அந்த வேனைத் தன் பெயரில் வாங்கி மஞ்சள் அடித்தாள். செம்பூரில் ஒரே கட்டடத்தில் மூன்று பிள்ளைகள், சயானில் எட்டுப் பிள்ளைகள், ஆகப் பதினோரு பேர். அவர்களை மாட்டுங்காவில் பள்ளி வாசலில் மணியடிக்கும் முன் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் தொழில். அவ்வளவும் அவள் தொழில்.

செம்பூர்க் கட்டடத்தில் ஒரு விதி இருந்தது. வாசலில் நிற்கும் எந்த வண்டியும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். புகை மேலே வருகிறதாம். அந்தக் கட்டடத்தின் செயலாளர் கார் மட்டும் பத்து நிமிடம் ஓடிக்கொண்டே நிற்கும். அதன் புகை நாகரிகம் தெரிந்தது போலும், மேலே போகாது.

அக்கா விதிக்குக் கட்டுப்பட்டு அணைத்தாள். மறுபடி சாவியைத் திருகினாள். ‘டக்’. காலைக் குளிரில் வீட்டு வாசலில் மக்கர் செய்வதைவிட, ஓடிச் சூடான எஞ்சினோடு அங்கே மக்கர் செய்வது மோசமாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அரையாண்டுத் தேர்வின் முதல் நாளன்று, பிள்ளைகள் அத்தனை பேரும் தாமதம். அன்று மாலையே, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் ராதிகா மேடம் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து சயானில் குடியிருப்பவர், அலுவலகம் போகிறவர்.

“முத்துலட்சுமி, நான் கோச்சுண்டு பேசலே. நீ நல்லவதான். ஆனா எக்ஸாம் அன்னிக்கு கொழந்தைகளை ரோட்ல நிக்க வெச்சா எப்படி? அடுத்த ஒரு வாரம் பாக்கறோம். சரியாகலேன்னா வேற வண்டிதான், சொல்லிட்டேன்.”

ஒரு வாரம். வேன் கடனின் தவணை காத்திருக்காது, பிள்ளைகளும் காத்திருக்க மாட்டார்கள் என்று அக்கா எனக்குச் சொன்னாள். நான் சிந்திக்கத் தொடங்கினேன். அங்கேதான் கேடு தொடங்கியது.

தெருவே அவை

சென்ற வாரங்களில் என் மேடைப் பயிற்சி பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கம்: சயானில் ஒரு மாடி அறையில் மூன்றாண்டுகள் பேச்சுக்கலை பயின்றவன் நான். எந்தத் தலைப்பையும் எந்தப் பக்கத்திலிருந்தும் பேசுவேன். வென்ற கேடயங்கள் எங்கள் அலமாரியில் இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பேசத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் தெரு நம்பியது. தெருவின் நம்பிக்கையைக் கெடுக்க நான் யார்?

ஆகவே ஞாயிறு காலை வேனைச் சுற்றி ஓர் அவை கூடியபோது, நடுவர் நாற்காலி எனக்கு வந்தது. நாற்காலி என்றால் உண்மையிலேயே நாற்காலி. பழச்சாறு கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து போட்டார்கள்.

ஒரு தரப்பு, பேட்டரி செத்துவிட்டது என்றது. இன்னொரு தரப்பு, செல்ஃப் மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்துவிட்டது என்றது. மூன்றாவது தரப்பில் ஒரே ஒருவர். பெட்ரோலில் கலப்படம் என்றார். அவர் எது நடந்தாலும் கலப்படம் என்பார். அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றபோதும் அதையே சொன்னவர்.

மெக்கானிக் டேவிட் அண்ணன் வேனுக்கு அடியில் படுத்திருந்தார். அவர் கையில் இரண்டு வயர் நீட்டிய ஒரு சின்ன பல்பு. அதுதான் அவருடைய ஆய்வுக்கூடம். ஒரு முனையை மோட்டாருக்குப் போகும் கனத்த வயரிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்தார். பல்பு எரிந்தது.

“பாத்தியளா? பல்பு ஜம்முனு எரியுது. அப்போ வயரெல்லாம் நல்ல வயரு. எர்த் வயரும் பளபளன்னு புத்தம் புதுசா நிக்கி. பேட்டரியும் போன வருசம் மாத்தினது. அப்போ செல்ஃப்தான் அவுட்டு.”

ஒரு சின்ன பல்பை எரிக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? தலைமுடி கனத்தில் ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தால் போதும். செல்ஃப் மோட்டார் குடிக்கும் மின்சாரம் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல். ஒருவர் மட்டும் நடக்கக்கூடிய சந்துக்குள் ஒருவரை நடக்கவிட்டுப் பார்த்து, “இந்தச் சந்தில் லாரியும் போகும்” என்று சான்றிதழ் கொடுக்கும் அறிவு அது. அந்த அறிவைப் பற்றி இன்று இவ்வளவு ஏளனமாக எழுதுகிறேன். அன்று அதற்குக் கைதட்டியவர்களில் முதல் கை என்னுடையது.

எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன். பேட்டரி தரப்பின் வாதத்தில் உணர்ச்சி இருக்கிறது, ஆதாரம் இல்லை என்றேன். உழைத்து உழைத்து ஓய்ந்த ஒரு தொழிலாளியைப்போல் அந்த மோட்டார் தன் கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டது என்றேன். ஒருவர் விசிலடித்தார். அக்கா நடைபாதை ஓரமாக நின்று, “கிளட்ச் வயரு...” என்று ஆரம்பித்தாள். “தீர்ப்புக்குப் பிறகு வாதம் இல்லை,” என்று கையை உயர்த்தினேன்.

செல்ஃப் மோட்டார் மாற்றப்பட்டது. இரண்டு நாள் வேன் ஒழுங்காகக் கிளம்பியது. அந்த இரண்டு நாளும் நான் தெருவில் சற்று மெதுவாக நடந்தேன், பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. மூன்றாம் நாள் செம்பூர்க் கட்டட வாசலில் ‘டக்’.

நான்கு நிமிடக் குரல்

இப்போது நான் வெட்கப்பட வேண்டிய பகுதி வருகிறது. வெட்கத்தையும் கம்பீரமாகச் சொல்லவே எனக்குப் பயிற்சி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புது மோட்டார் போட்ட பிறகும் வேன் நின்றதால், குழுவில் பெற்றோர் கேள்வி கேட்டார்கள். அக்கா தட்டச்சு செய்யத் தடுமாறுவாள். “நீ ஏதாச்சும் சொல்லேம்ல,” என்று கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

சொன்னேன். நான்கு நிமிடம் சொன்னேன். முன்னுரை, மூன்று கருத்துகள், முடிவுரை. என் தீர்ப்பு பிழையாக இருக்கலாம் என்ற எண்ணம் அந்த நான்கு நிமிடத்தில் ஒரு நொடிகூட எட்டிப் பார்க்கவில்லை. மோட்டார் புதிது, மெக்கானிக் தேர்ந்தவர், தீர்ப்பு என்னுடையது. ஆகவே மிச்சம் இருப்பது யார்? சாவியைத் திருகும் கை. “இயந்திரத்தில் பிழையில்லை, பெற்றோர்களே! இயக்கும் முறையில்தான் பிழை. சாவியை அளவுக்கு மீறிப் பிடித்துத் திருகினால் எந்த மோட்டாரும் தளரும். இதை என் அக்காவுக்கு நான் சொல்லித் தருவேன்” என்று முடித்தேன். ஓட்டவே தெரியாதவன் நான். எங்கள் வீட்டில் சைக்கிள்கூட என் தம்பிதான் ஓட்டுவான்.

செம்பூர் வீடுகள் மூன்றும் மறுநாளே வேறு வண்டிக்குப் போய்விட்டன.

அக்கா அடுப்புப் பக்கத்தில் நின்று அந்தக் குரல்பதிவை இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை முழுவதும். இரண்டாம் தடவை கடைசி ஒரு நிமிடம் மட்டும். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“நல்லாத்தான் பேசியிருக்க,” என்றாள். “தண்ணி கலந்த பாலு மாதிரி எங்கயும் தட்டாம எறங்குது.”

அன்று மாலை எனக்குத் தெரியாமல் குர்லாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனது.

காதர்

குர்லாவில் வாகன மின்வயர் வேலைக்கென்றே ஒரு பட்டறை. காதரும் அவன் வாப்பாவும் நடத்துவது. மேலப்பாளையத்திலிருந்து வந்த குடும்பம். காதரும் நானும் ஒரே கல்லூரி. மேடையில் எதிரெதிர் அணி. அவனை நான் ஆறு தடவை வென்றிருக்கிறேன், எண்ணிவைத்திருக்கிறேன். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் காதர் யோசிப்பான். மேடையில் யோசிப்பதைப் போன்ற குற்றம் வேறு இல்லை. அவன் யோசித்து முடிப்பதற்குள் அவை கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

அந்தக் காதர் மறு ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு மீட்டர், நீளமான சிவப்பு, கறுப்பு வயர்களோடு. மறுநாள் திங்கள். ராதிகா மேடம் கொடுத்த வாரம் திங்கள் காலையோடு முடிகிறது. மிச்சமிருந்த எட்டுப் பிள்ளைகளுக்கும் வேறொரு வேன் பேசிவைத்தாயிற்று என்று காற்றுவாக்கில் செய்தி.

“அஸ்ஸலாமு... அட, நடுவர் அவர்களும் இங்கதான் இருக்காப்லயா?” என்றான் காதர். “முத்தக்கா, இவன் ஆடியோவ எங்க வாப்பாகூடக் கேட்டாவ. யாரோ ஃபார்வேர்டு பண்ணியிருக்கான். ‘பையன் நல்லா ஓதுறான்’னாவ.”

நான் புன்னகைக்கவில்லை. “காதர், பிரச்சினையின் வேர் எதுவென்று முதலில் நாம் ஒரு முடிவுக்கு...”

“பேசாதல. மேல ஏறி உக்காரு. திருகுன்னா திருகு. விடுன்னா விடு. அவ்ளோதான்.”

எஞ்சின் பிடித்துவிடக் கூடாது, சுழல மட்டும் வேண்டும் என்பதற்காகத் தீப்பொறிக்குப் போகும் வயரை முதலில் கழற்றி வைத்தான். பிறகு மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் இரண்டு தலைகளில் வைத்தான்.

“திருகு.”

மோட்டார் ஈனக்குரலில் முனகியது.

“விடு. பத்து புள்ளி ஒம்பது. அக்கா, எழுதிக்கிடுங்க.”

அக்கா ஓர் அட்டைப்பெட்டி மூடியில் எழுதினாள். டேவிட் அண்ணன் மெல்ல வந்து சேர்ந்தார். “நானும் அன்னிக்குச் செக் பண்ணினேனே தம்பி. பல்பு ஜம்முனு எரிஞ்சுச்சே.”

“சும்மா நிக்கும்போது பாத்தா எந்த பல்பும் எரியத்தாண்ணே செய்யும். தூங்குறவன்கிட்ட பலம் பாத்து என்ன செய்ய? சொமய ஏத்திட்டுப் பாக்கணும்.” காதர் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். “லைட்டு மங்குதா, அக்கா, திருகும்போது?”

“மங்கல. ஒருநாளும் மங்கல.”

“அப்போ பேட்டரி மேல என்ன குத்தம்?”

வேனுக்கு அடியில் போனான். இப்போது மீட்டரின் ஒரு முனை மோட்டாரில் கனத்த வயர் வந்து சேரும் நட்டில். மறுமுனை மோட்டாரின் உடம்பில். “திருகு. விடு. ஏழரை.”

அவன் அங்கேயே படுத்தபடி யோசித்தான். நான் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“பேட்டரில பத்து புள்ளி ஒம்பது கெளம்புது. மோட்டாருக்கு ஏழரைதான் போய்ச் சேருது. நடுவுல மூணு புள்ளி நாலு களவு போவுது. எங்கன்னுதான் பாக்கணும்.”

அதன்பிறகு அவன் செய்ததை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. ஒரே வயரின் இந்த முனையில் ஒரு கம்பியும் அந்த முனையில் இன்னொரு கம்பியும் வைத்து என்னைத் திருகச் சொன்னான். வயர் நல்லதாக இருந்தால், மோட்டார் இழுக்கும்போதும் அங்கே மீட்டர் ஏறக்குறைய சுழியம் காட்டும். வயரோ இணைப்போ மின்சாரத்தைத் தின்றால், எவ்வளவு தின்கிறதோ அவ்வளவையும் காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரியின் கூட்டல் தலையிலிருந்து மோட்டார் வரை, வழியிலுள்ள இணைப்புகள் எல்லாம் சேர்த்துப் புள்ளி மூன்று. “இந்தப் பக்கம் சுத்தம்,” என்றான்.

“அப்போ எல்லாம் சரிதானே?” என்றேன் நான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“ஏல, போற ரோடு மட்டும் இருந்தா போதுமா? வந்த கரண்டு திரும்பிப் போவாண்டாமா? தாராவி பூரா போற ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிய. திரும்புற ரோட்ட எவனாச்சும் பாத்தியளா?”

“எர்த்து,” என்றாள் அக்கா.

“அதே. மோட்டார் ஒடம்பு, எஞ்சின், அதுல இருந்து எர்த் வயர் வழியா சேஸிஸ், அதான் வண்டியோட இரும்புச் சட்டம், அங்க இருந்து பேட்டரி.”

மோட்டாரின் உடம்பிலிருந்து பேட்டரியின் கழித்தல் தலைவரை வைத்தான். மூன்று புள்ளி ஒன்று. பிறகு அதையே இரண்டாகப் பிரித்தான். பேட்டரித் தலையிலிருந்து சேஸிஸ் வரை புள்ளி ஒன்று. சேஸிஸிலிருந்து எஞ்சின் வரை மூன்று.

“இங்கதான்,” என்றான் காதர். வேனுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான். “ஆனா ஒண்ணு இடிக்குதே. எர்த்து இவ்ளோ மோசம்னா மோட்டார் அசையவே கூடாது. கரண்டு வேற எந்தச் சந்து வழியாவோ திரும்பிப் போவுது. அது எது?”

அக்கா அட்டைப்பெட்டி மூடியைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

“கிளட்ச் வயரு சுடுதுன்னு மூணு வாரமா இந்தத் தெருவுல சொல்லுதேன்.”

காதர் எழுந்து உட்கார்ந்தான். பெடலுக்குப் போகும் கிளட்ச் கேபிளின் மேல் கையை வைத்தான், உடனே எடுத்துக்கொண்டான். “அக்கா, இத யார்ட்டயாச்சும் சொன்னீங்களா?”

“நடுவர்ட்ட சொன்னேன்.”

அந்தக் கேபிள் எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய இரும்பு இழை. பெரிய சாலை அடைபட்டதும் அவ்வளவு மின்சாரமும் அதன் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சுடாமல் என்ன செய்யும்? மூன்று வாரமாக வண்டி தன் நோயைத் தன் உடம்பிலேயே காட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துச் சொன்னவளைப் பார்த்து நான் வாழைக்காய் உவமை சொன்னேன், தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பை அன்று நான் வெற்றிக் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

சில்வர் பெயின்ட்

இங்கே ஒரு கிளைக்கதை. இது இல்லாமல் தீர்ப்பு முழுமையாகாது.

எங்கள் தெருவில் ஆயுத பூஜைக்குச் சக்கரம் வைத்த எதற்கும் சில்வர் பெயின்ட் அடிப்பது வழக்கம். கை வண்டி, தையல் இயந்திரத்தின் கால், ஐஸ் வண்டி, எதுவும் தப்பாது. வேனென்றால் கேட்க வேண்டுமா? மேலே மாலை, கண்ணாடியில் சந்தனம், கீழே சேஸிஸ் முழுக்க வெள்ளி. குனிந்து பார்க்கிறவன் முகம் அதில் தெரிய வேண்டும் என்பது எங்கள் பக்தியின் அளவுகோல்.

சென்ற ஆயுத பூஜைக்கு அக்கா வேனின் அடிப்பாகத்துக்கு வெள்ளி பூசியவன் ஒருவன் இருக்கிறான். மற்றவர்களைப்போல் மேலோட்டமாகப் பூசுகிறவன் இல்லை அவன். எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினான். வயரின் முனையைத் தூக்கினான். இரும்போடு இரும்பு ஒட்ட வேண்டிய அந்த வட்டத்தில், ஒரு கறுப்புப் புள்ளியும் தெரியாதபடி இரண்டு பூச்சுப் பூசினான். வயர் முனைக்கும் ஒரு பூச்சு. காய்ந்த பின் இரண்டையும் சேர்த்து முடுக்கி, போல்ட்டின் தலைக்கும் பெயின்ட் அடித்தான். அடுத்த நாள் பூஜையில் அந்த வேனின் முன்னால் நின்று கருவிகளை வணங்குவது எப்படி என்று இருபது நிமிடம் பேசினான்.

முதலில் போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போயிருக்கிறது. குலுங்கக் குலுங்க, துரு ஏற ஏற, அதுவும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மோட்டார் மாற்றியபோது அந்த வயர் அசைந்து மரை மறுபடி கொஞ்சம் தொட்டிருக்க வேண்டும், என் தீர்ப்புக்குக் கிடைத்த இரண்டு நாள் அதுதான்.

காதர் பானாவை வைத்து அந்தப் போல்ட்டைத் திருகினான். வயர் முனை விலகியது. அடியில் வெள்ளி, புதுக்காசு மாதிரி பளபளத்தது.

“யா அல்லாஹ்,” என்றான். “எர்த்துக்கு அடியில பெயின்ட்! எந்த அறிவாளி அடிச்சது?”

டேவிட் அண்ணன் வானத்தைப் பார்த்தார். பளபளப்பைப் பார்த்துப் புதியது என்று சான்று கொடுத்தவர் அவர். பார்க்க வேறு என்ன இருக்கிறது அவருக்கு?

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எங்கேயும் பார்க்கவில்லை. மேடையில் இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்: கேள்வியை அவைக்கே திருப்பிவிடு. நான் வாயைத் திறந்தேன். “நான்,” என்றேன். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை.

“நல்லது,” என்றான் காதர். “மொத தடவையா சுருக்கமாப் பேசியிருக்க.” உப்புத்தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தான். “தேய். இரும்பு தெரியிற வரைக்கும் தேய்.”

வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தேய்த்தேன். வெள்ளித் தூள் கண்ணில் விழுந்தது, உதட்டில் விழுந்தது. அதன் கசப்பு எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். நீங்கள் சாட்சி மட்டும்தான். அடியில் சாம்பல் நிற இரும்பு வட்டமாகத் தெரிந்ததும் காதர் வயர் முனையை வைத்து முடுக்கி, துருப் பிடிக்காதிருக்க மேலே வாசலின் களிம்பு பூசினான். தீப்பொறி வயரைத் திரும்ப மாட்டினான். மீட்டரை வைத்தான்.

“அக்கா, இப்போ நீங்க திருகுங்க.”

நான் இறங்கிவிட்டேன். அக்கா ஏறிச் சாவியைத் திருகினாள். அரைச் சுற்றுக்குள் எஞ்சின் பிடித்தது. அவள் அணைத்தாள். மறுபடி திருகினாள். பிடித்தது. தெருமுனைவரை ஓட்டிப்போய், சூடேற்றிக் கொண்டுவந்து, செம்பூர் வாசலில் நிறுத்துவதுபோல் அணைத்துவிட்டு, மறுபடி திருகினாள். பிடித்தது. மீட்டரில் மூன்று இருந்த இடத்தில் சுழியத்தை ஒட்டி ஏதோ ஓர் எண். நான் அதைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைத்தான் பார்த்தேன். அளவுக்கு மீறித் திருகுவதாக நான் ஊருக்கு அறிவித்த கை அது. சாவியை அவள் ஒரு நொடிகூடக் கூடுதலாகப் பிடிக்கவில்லை.

செம்பூர்

அக்கா இருக்கையில் இருந்தபடியே ராதிகா மேடத்தை அழைத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். என்ன பழுது, யார் செய்தது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“பெயின்ட்டா? ஈஸ்வரா!” என்றது கைப்பேசி. “சரி, எங்க எட்டுக் கொழந்தைகளும் நாளைக்கு உன் வண்டியிலேயே வரட்டும். நானே கீழே வந்து நின்னு பாக்கறேன். ஆனா செம்பூர்க்காரா மூணு பேரும் கஷ்டம்தான். வண்டி நின்னதுக்காகக்கூட அவா போகலே முத்துலட்சுமி. ‘கூடப் பொறந்த தம்பியே அவளுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்றானே’ன்னா. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

அழைப்பு முடிந்தது. 

“குழுவில் இன்னொரு குரல்பதிவு போடுகிறேன்,” என்று ஆரம்பித்தேன். எழுத்துத் தமிழிலேயே ஆரம்பித்தேன். பதற்றத்தில் எனக்கு அதுதான் வரும். “முழு விளக்கத்தோடு...”

“வேண்டாம்டே,” என்றான் காதர், மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டே. “இன்னொரு நாலு நிமிஷம் பேசினன்னா சயானும் போயிரும்.”

அக்கா அதற்குச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். “மூணு பிள்ளைக்கும் எந்த சீட்டுன்னு நான்தான் போட்டேன்,” என்றாள். “சின்னவளுக்கு ஜன்னல் வேணும். இல்லன்னா வாந்தி எடுப்பா. அந்தப் புது வண்டிக்காரனுக்கு அது யாரு சொல்லுவா?”

தெருவில் எல்லோரும் நின்றிருந்தார்கள்: டேவிட் அண்ணன், கலப்படக்காரர், அன்று விசிலடித்தவர். அன்று அவர்கள் எதிரில்தான் தீர்ப்புச் சொன்னேன். இதையும் அவர்கள் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்:

“அக்கா, நாளைக்குக் காலையில உன்கூட வண்டில வாரேன். செம்பூர்ல அந்த மூணு வீட்டுக் கதவையும் நானே தட்டுவேன். ‘எர்த்துக்கு அடியில பெயின்ட் அடிச்சவன் நான்தான், எங்க அக்கா கைல ஒரு குத்தமும் இல்ல’ன்னு சொல்லுவேன். அதுக்கு மேல என் வாயில இருந்து ஒரு வார்த்தை வந்துதுன்னா, என்ன அங்கயே எறக்கி விட்டுட்டு நீ வண்டிய எடுத்துட்டுப் போயிரு.”